பூசாத கல்லூரிக்கு வெள்ளையடித்தவர்

அத்தியாயம் 14

பதினோரு நாளாகத் தங்கசாமி வீட்டில் எல்லாப் பேச்சும் அவர் மனைவி சுப்புத்தாய் வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது.

அப்பனும் மகளும் ஒரே அறையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். "அவள ரசம் ஊத்திக்கிடச் சொல்லு" என்பார் தங்கசாமி. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற சுகிர்தா, "எனக்கு வேண்டாம்னு சொல்லும்மா" என்பாள். நடுவில் மாட்டிக்கொண்ட சுப்புத்தாய் ஒருநாள் கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு எழுந்தே போய்விட்டாள். "தபால்காரனுக்குக்கூட ஞாயித்துக்கிழமை லீவு உண்டு. எனக்கு அதுவும் இல்ல!"

எல்லாம் அந்த ராயகிரிச் சம்பந்தத்தால் வந்தது. மாப்பிள்ளை பாண்டிராஜ் சொந்தமாக வேன் வைத்து ஓட்டுகிறவன், நல்ல பையன் என்று கேள்வி. தங்கசாமி மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சுகிர்தா மாப்பிள்ளையின் போட்டோவைக்கூடப் பார்க்க மறுத்தாள். தரகருக்கு அவளே போன் போட்டு, வேலை நிரந்தரம் ஆகிற வரைக்கும் யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலமே தரகர் வந்து வாசலில் நின்றார். வீட்டையும் தங்கசாமியையும் மாறி மாறிப் பார்த்தார். "மகளுக்கு வாய் இருக்கு, வீட்டுக்குப் பூச்சு இல்ல. எதை நம்பி வே என்னை அலைய விட்டீரு?" என்று தெருவே கேட்கும்படி கேட்டுவிட்டுப் போனார்.

மகளின் வாயைப் பற்றிச் சொன்னது தங்கசாமிக்கு ரெண்டு நாளில் ஆறிவிட்டது. பூச்சைப் பற்றிச் சொன்னதுதான் ஆறவில்லை. ஒன்பது வருஷமாக அவர் வீட்டு வெளிச்சுவர் செங்கல் தெரிய நிற்கிறது. ஊரான் வீட்டுச் சுவரையெல்லாம் பூசி, வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டு வருகிற ஆள், சாயங்காலம் தன் வீட்டுச் சுவரைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டுதான் உள்ளே நுழைவார்.

அப்படி இருக்கையில்தான் முந்தாநாள் சுப்புத்தாய் அந்தச் சேதியைக் கொண்டு வந்தாள்.

"காலேஜுக்கு நாப்பது பேரு வாராங்களாம். கட்டடப் படிப்புப் படிச்சவங்க. ரெண்டு நாள் ஆஸ்டல்ல தங்குதாங்க. எல்லாம் உம்ம மக பொறுப்பு. அவங்க மனசு குளுந்து போனாத்தான் பிரின்ஸ்பால் அம்மா இவ வேலைய நிரந்தரமாக்கச் சொல்லி மேலே எழுதுவாங்களாம். பிள்ளை ஒரு வாரமா ஒழுங்கா உறங்கல."

"எந்த வாசல் வழியா வருவாங்க?" என்றார் தங்கசாமி.

"முன்வாசல் வழியாத்தான். வேற எப்படி வருவாங்க?"

அவர் கண்ணுக்குள் அந்த முன்வாசல் வந்து நின்றது.

ஊருக்கு வெளியே கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிற பல்கலைக்கழகக் கல்லூரி அது. ஐம்பது வருஷத்துக்கு முந்திய கட்டடம். முழுக்கக் கான்கிரீட். ரெண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற தூண்கள், மாடிக்குப் படி இல்லாமல் சரிந்து ஏறும் பாதை, வெயிலை மறித்துக்கொண்டு வரிசையாய் நிற்கிற சிமென்ட் பலகைகள். எதற்கும் பூச்சு கிடையாது, வர்ணம் கிடையாது. கான்கிரீட்டை வார்க்க அடித்த பலகையைக் கழற்றிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அதே சாம்பல் நிறத்தில் நிற்கிறது. ஊரில் அதற்குப் பெயரே பூசாத காலேஜ்தான். கட்டினவன் பூச்சுக்கு வைத்த துட்டைத் தின்றுவிட்டான் என்று டீக்கடையில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். கோடை விடுமுறையில் விடுதி அறைகள் சும்மா கிடக்கிறதே என்று, வெளியூர்க்காரர்கள் வந்து தங்கவும் கூட்டம் நடத்தவும் இந்த வருஷம்தான் கல்லூரியைத் திறந்துவிட்டிருந்தார்கள். அதைக் கவனிக்கிற ஆறு மாதத் தற்காலிக வேலைதான் சுகிர்தாவுடையது.

விருந்தாளி வருகிற வாசலில் பூசாத சுவர். அதற்கு முன்னால் மகள் நிற்க வேண்டும். யாராவது ஒருத்தர் சுவரைப் பார்த்துவிட்டு அவளைப் பார்ப்பார். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று தங்கசாமிக்குத் தெரியும்.

அவர் சிப்பிச் சுண்ணாம்பு வாங்கிவந்து தண்ணீர் ஊற்றி நீற்றிப் போட்டார்.

---

விடிந்தும் விடியாமலும் இருக்கும்போதே தங்கசாமி ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு கல்லூரி வாசலில் நின்றார். வாட்ச்மேன் செல்வக்குமார் கொட்டாவி விட்டபடி கேட்டைத் திறந்தான்.

"என்ன அண்ணாச்சி, ஏணியும் வாளியுமா வந்திருக்கிய? மக அனுப்பிச்சாளா?"

"பின்னே? நாப்பது பேரு வாராகளே."

"அதான் நானும் நெனச்சேன், இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எப்படி விருந்தாளியக் கூப்பிடுதாங்கன்னு. போங்க, போங்க. மிச்சம் இருந்தா என் ரூமுக்கும் ஒரு கை இழுத்து விட்டிருங்க."

பொய் சொல்லிவிட்டோம் என்று தங்கசாமிக்குத் தோன்றவில்லை. மகள் அனுப்பி வருவதும் மகளுக்காக வருவதும் அவருக்கு அந்த நேரத்தில் ஒன்றாகத்தான் இருந்தது.

கோவில் வேலைக்குச் செய்கிற மாதிரி செய்தார். சுண்ணாம்பை வேட்டித்துணியில் ரெண்டு தடவை வடிகட்டினார். வெள்ளை எடுப்பாய் இருக்க ஒரு சிட்டிகை நீலம் போட்டார். பசை வழக்கத்தைவிடக் கூடுதலாகவே விழுந்தது. ஏணியில் ஏறி வெள்ளையடிக்கிற மட்டையைத் தோய்த்து முதல் இழுப்பு இழுத்தபோது, அந்தச் சாம்பல் சுவர் முகம் கழுவின பிள்ளை மாதிரி ஒரு பக்கம் பளிச்சென்று ஆனது. தோள்பட்டை வலித்தது. ஐம்பத்திநாலு வயசு. வலி தன் பாட்டுக்கு இருந்துகொண்டிருந்தது, கை தன் பாட்டுக்கு ஓடியது.

ஏழரை மணிக்கு முன்வாசலின் இடப்பக்கச் சுவரும் முதல் தூணும் முடிந்துவிட்டன. ரெண்டாம் தூணுக்கு ஏணியை நகர்த்தும்போதுதான் பின்னால் கேட் பக்கம் ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டது.

சுகிர்தா இறங்கினாள். ஒரு கையில் பைல், ஒரு கையில் பூப்பை. ரெண்டு அடி வைத்தவள் அப்படியே நின்றாள்.

தங்கசாமி ஏணியைப் பிடித்தபடியே மகளின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் மலரப்போகிற நேரத்தைப் பார்க்கத்தான் அவர் ரெண்டு நாளாகக் காத்திருந்தார்.

பூப்பை கீழே விழுந்தது.

"எப்பா!"

பதினோரு நாளுக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை.

"என்ன செஞ்சு வச்சிருக்கிய?"

"உன் அம்மைதான் சொன்னா, விருந்தாளி வாராகன்னு. பூசாத செவரா இருக்கேன்னு..."

அவள் பைலைத் திறந்து ஒரு தாளை உருவி அவர் பக்கம் நீட்டினாள். தங்கசாமி பக்கத்தில் வந்து கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். பெரிய படம். அதில் இதே சுவர், இதே தூண். பூச்சு இல்லாமல், சாம்பலாய், சாயங்கால வெயில் விழுந்து.

"அவுக அனுப்பின கடுதாசிப்பா இது. இந்தச் செவரைப் பாக்கத்தான் வாராக. பூசாத செவர்னுதான் வாராக. சென்னையில இருந்து, அதுக்கும் அங்கிட்டு இருந்தெல்லாம் ரயிலேறி வாராக."

"பூசாத செவரைப் பாக்கவா?" என்றார் தங்கசாமி. மகள் ஏதோ கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தார். "துட்டு செலவழிச்சா?"

"ஆமா."

"பூசாத செவரத்தான் நம்ம வீட்டுலயே..."

"எப்பா!" அவள் குரல் உடைந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா? ராயகிரிக்கு வாக்குக் குடுத்தப்பவும் கேக்கல. இப்பவும் கேக்கல. எனக்குன்னு செய்யுதது எல்லாத்தையும் என்னைக் கேக்காமத்தான் செய்விய, என்னா?"

அவள் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். தங்கசாமி அந்தப் படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். தரகர் தெருவில் நின்று கத்தியபோதுகூட இப்படி உள்ளுக்குள் எதுவும் சரிந்து விழவில்லை.

படத்தை அவள் பக்கத்தில் படியில் வைத்தார். "அழிச்சிருதேன் தாயி."

"சுண்ணாம்பு பிடிச்சா பிடிச்சதுதான்னு நீங்கதான சொல்லுவிய?"

"அது காஞ்ச பெறவு. இன்னும் உள்ள ஈரம் இருக்கு. எப்ப வாராக?"

"பதினோரு மணிக்கு. கோயிலுக்குப் போயிட்டு, வேன்ல. மேடம் பத்தரைக்கு வந்திருவாக."

மூணு மணி நேரம். தங்கசாமி வெள்ளை வாளியைக் கவிழ்த்துக் கழுவித் தண்ணீர் பிடித்தார்.

---

தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். மேலே இருந்த வெள்ளை பால்போல வழிந்தது. ஆனால் அடியில் ஒரு பூச்சு போகாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. சுகிர்தா சுடிதார்க் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு தேய்த்தாள். பத்து நிமிஷம் ஆகியும் ஒரு முழ அகலம்கூடச் சுத்தமாகவில்லை.

"பசை எம்புட்டு போட்டிய?"

தங்கசாமி குனிந்து இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

"எப்பா, கேக்கேன்ல?"

"ரெண்டு பங்கு."

"எதுக்கு ரெண்டு பங்கு?"

"உனக்குன்னு அடிச்சதுல்லா தாயி. சீக்கிரம் உதிந்திரக் கூடாதேன்னு."

சுகிர்தா தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். கோபப்படவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் அவள் வாய் ஒரு மாதிரி கோணியது. பிறகு இன்னும் வேகமாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.

விருந்தாளிகளுக்குச் சமைக்கச் சுப்புத்தாய் ஆறு மணிக்கே பின்கேட் வழியாக வந்து மெஸ்ஸில் இருந்தாள். முன்பக்கம் நடக்கிற எதுவும் அவளுக்குத் தெரியாது. செல்வக்குமார் ஓடிப்போய்ச் சொன்னான். ஈரக்கையோடு வந்தவள் வெள்ளைச் சுவரைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், பக்கத்தில் பக்கத்தில் நின்று தேய்க்கிற அப்பனையும் மகளையும் பார்த்தாள்.

"ஏங்க, ரெண்டு பேரும் பேசிக்கிடுதியளா?"

"அம்மா, இப்ப அதுவா முக்கியம்?"

"எனக்கு அதுதாம்ட்டி முக்கியம். காலேஜுக்கு வெள்ளையடிச்சாத்தான் பேசுவியன்னா, மொத நாளே நான் ஒரு வாளி கலக்கித் தந்திருப்பனே!"

சொல்லிவிட்டுச் சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "தண்ணிக்கெல்லாம் இது போவாது. பானையில சுண்ணாம்பு பிடிச்சா எதை வச்சுத் தேய்க்கோம்?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மெஸ்ஸில் நாற்பது பேருக்குப் புளிக்குழம்பும் ரசமும் வைக்க ஓர் அண்டா நிறையப் புளி ஊறிக்கொண்டிருந்தது. அதைச் செல்வக்குமாரும் சுப்புத்தாயும் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தங்கசாமி உடனே ஊற்றவிடவில்லை. தூணுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத ஓர் இடத்தில் கொஞ்சம் புளியை அப்பி, நூறு வரைக்கும் எண்ணி, நாரால் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தார். வெள்ளை நுரைத்து இறங்கியது. அடியில் சாம்பல் நிறம் அப்படியே இருந்தது.

"செவர் கெடல. வா தாயி."

"மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன செய்யப் போறம்மா?" என்றாள் சுகிர்தா.

"சொதி. தேங்காப் பாலுக்கு எதுக்குப் புளி? எலுமிச்சம்பழம் கெடக்கு. ஏலே செல்வக்குமாரு, ஓடிப்போய் இருபது தேங்கா வாங்கிட்டு வா."

தங்கசாமி தேய்த்தபடியே திரும்பினார். "ஏட்டி, சொதி மறுவீட்டுக்கு வார மாப்பிள்ளைக்கு வைக்கிறதுல்லா?"

"இங்க மாப்பிள்ளையா வாரான்? நாப்பது இஞ்சினியருதான வாராங்க. திங்கட்டும்." சுப்புத்தாய் போய்விட்டாள்.

புளியை அப்புவதும் தேய்ப்பதும் கழுவுவதுமாக வேலை ஓடியது. ஏணியில் மேலே தங்கசாமி, கீழே சுகிர்தா. புளிப்பு வாடை முன்வாசல் முழுக்க அடித்தது. விரல் இடுக்கில் சுண்ணாம்பு தின்ற இடத்தில் புளி பட்டுத் தங்கசாமிக்கு எரிந்தது. அவர் காட்டிக்கொள்ளவில்லை.

ஓர் இடத்தில் வெள்ளை இறங்கி ஈரச் சுவர் தெரிந்தபோது அவர் கை நின்றுவிட்டது.

சுவரில் மரத்தின் வரி தெரிந்தது. ஒவ்வொரு பலகைக்கும் உண்டான வரி, கணு, ஆணி அடித்த புள்ளி, எல்லாம் கான்கிரீட்டில் அப்படியே அச்சாய் இறங்கியிருந்தது. இருபது வருஷமாக இந்த வாசலில் ஏதாவது வேலைக்கு வந்து போகிறார். ஒருநாள்கூடச் சுவருக்கு ஒரு சாண் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்ததில்லை.

பலகை பலகையாகக் கண்ணை ஓட்டினார். ஒரு கணுவுக்கு நேர்மேலே இன்னொரு கணு வரவில்லை. எங்கேயும் வரவில்லை. பலகை சேருகிற இடம் ஒவ்வொன்றும் நூல் பிடித்த மாதிரி நேராய் இருந்தது.

"தாயி."

"என்னப்பா?"

"பூச்சுத் துட்டை எவனும் திங்கல."

"என்ன சொல்லுதிய?"

"பூசப்போற செவர்னா கெடைச்ச பலகையப் போட்டு அடிச்சிட்டுப் போயிருவானுவ. எப்படியும் மறையத்தான போவுதுன்னு. நானா இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். இங்க ஒவ்வொரு பலகையும் பாத்துப் பாத்துத் திருப்பி அடிச்சிருக்கான். கணு எதெது எங்கன வரணும்னு பாத்திருக்கான். ஆளு பாக்கணும்னுதான் விட்டிருக்கான் இதை."

சுகிர்தா நிமிர்ந்து பார்த்தாள். அவள் நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது.

"நான் பாக்காமலே அடிச்சிட்டேன்" என்றார் தங்கசாமி. "கேட்டிருக்கணும் தாயி. ரெண்டையுந்தான் சொல்லுதேன்."

அவள் குனிந்து நாரைப் புளியில் தோய்த்து அவர் கைக்கு எட்டும்படி மேலே நீட்டினாள்.

---

பத்தரைக்குச் சுவர் சுத்தமாகிவிட்டது. தூண்தான் முழுக்கப் போகவில்லை. வாளியின் அடிக்கசடு, பசை கூடுதலாய்ப் போன கடைசிச் சுண்ணாம்பு அதில்தான் விழுந்திருந்தது. மர வரிகளுக்குள் வெள்ளை புகுந்து, ஓர் ஆள் உயரத்துக்கு நரைத்த மாதிரி நின்றது.

பிரின்ஸ்பால் அம்மா காரை விட்டு இறங்கினார். நனைந்த சுவரையும், வரி வரியாய் வெள்ளை நிற்கிற தூணையும், தரையில் ஓடுகிற பழுப்புத் தண்ணீரையும் பார்த்தார்.

"சுகிர்தா, என்ன இது?"

செல்வக்குமார் ஒரு தூணுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டான். தங்கசாமி ஏணியை விட்டு முன்னால் வந்தார். "அம்மா, பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் வாட்ச்மேன்கிட்டப் பொய் சொல்லி உள்ள வந்து..."

"மேடம்," என்றாள் சுகிர்தா, "இவுக எங்க அப்பா. வெள்ளையடிக்கிறது இவுக தொழில். விருந்தாளி வாராங்கன்னு தெரிஞ்சு எனக்காக அடிச்சிட்டாங்க. நான் முன்னாடியே வீட்டுல சொல்லியிருக்கணும். நான்தான் பேசாம இருந்துட்டேன். நாங்களே கழுவிட்டோம். இந்தத் தூண்ல மட்டும் கொஞ்சம் நிக்குது."

பிரின்ஸ்பால் அம்மாவின் உதடு இறுகியது. "இந்தச் சுவரை நம்பித்தான் நாற்பது பேரை வரச் சொல்லியிருக்கோம். உன்னை நம்பித்தான் இந்தப் பொறுப்பைக் கொடுத்தேன். அவங்க முகம் சுளிச்சா யுனிவர்சிட்டிக்கு நான் என்ன எழுதறது?"

அதற்குள், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே, வேன் சத்தம் கேட்டது.

வெள்ளை வேன். முன்கண்ணாடியில் 'ராயகிரி' என்று எழுதியிருந்தது. ஓட்டி வந்தவனைப் பார்த்ததும் தங்கசாமி ஓர் அடி பின்னால் வைத்தார். தரகர் காட்டிய போட்டோவில் இருந்த அதே முகம்தான்: பாண்டிராஜ். பின்னால் இன்னொரு வேனும் வந்து நின்றது. அவனும் ஏணியையும் சுண்ணாம்பு வேட்டியையும் பார்த்து, தரகர் சொன்ன வெள்ளையடிக்கிறவர் இவர்தான் என்று கண்டுகொண்டான். ஒரு நொடி ஸ்டியரிங்கையே பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு இறங்கி, ஒன்றும் தெரியாதவன் மாதிரி பெட்டிகளை எடுத்துவைக்கத் தொடங்கினான். சுகிர்தா அவனைக் கவனிக்கவே இல்லை. கவனித்திருந்தாலும் அவளுக்கு அந்த முகம் தெரியாது.

நாற்பது பேரையும் கூட்டி வந்தவர் ஹஸ்னா பானு என்ற அம்மா. சென்னையில் கட்டடக்கலை சொல்லிக் கொடுக்கிறவர். கண்ணாடியும் காட்டன் சேலையுமாய் இறங்கியவர் யாரிடமும் வணக்கம் சொல்லாமல் நேராய்ச் சுவரிடம் போய் உள்ளங்கையை வைத்தார். பிறகு தூணிடம் வந்தார். குனிந்தார். மோந்து பார்த்தார்.

"இது என்ன, புளி வாடை அடிக்கி?"

பேச்சில் இந்த ஊர் வாடையும் அடித்தது. அவருக்குக் கடையநல்லூர் என்று பிறகுதான் தெரிந்தது.

சுகிர்தா ஒரு மூச்சை இழுத்து, பிரின்ஸ்பால் அம்மாவிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. 'எங்க அப்பா' என்கிற இடத்தில் மட்டும் பக்கத்தில் நின்றவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வந்தவர்கள் எல்லாரும் தூணைச் சுற்றி நெருங்கி வந்து பார்த்தார்கள்.

"ஆசிட் ஊத்தலையே?" என்றார் ஹஸ்னா பானு.

"இல்லம்மா" என்றார் தங்கசாமி. "புளியும் தேங்கா நாரும்தான். மொதல்ல பின்னால கொஞ்சம் தேச்சுப் பாத்துட்டுத்தான் முன்னால வந்தோம்."

"அல்ஹம்துலில்லா. எத்தனை ஊர்ல ஆசிட் ஊத்திச் செவரையே தின்ன விட்டிருக்காங்க தெரியுமா? அடிச்சது தப்பு அண்ணாச்சி, அதுல சந்தேகமே இல்ல. ஆனா எடுத்தது பக்குவமா எடுத்திருக்கிய. தூண்ல நிக்கிறது ரெண்டு மழைக்காலம் பாத்தா போயிரும்." அவர் சுவரின் குறுக்கே சாய்வாய் ஓடுகிற ஒரு கோட்டைக் காட்டினார். "படத்துல பாக்கும்போதெல்லாம் இதைத்தான் நெனச்சிக்கிட்டே இருப்பேன். மத்த எல்லாம் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு, இது மட்டும் ஏன் சரிஞ்சு போவுது? உங்களுக்கு எதுவும் தோணுதா?"

தங்கசாமி மகளைப் பார்த்தார். சொல்லலாமா என்கிற பார்வை. அவள் தலையை ஆட்டினாள்.

"அன்னைக்கு வேலை பாதியில நின்னிருக்கும்மா. கான்கிரீட்ட நெரவி முடிக்குததுக்குள்ள மழை வந்திருக்கும். சரிஞ்ச வாக்குலயே விட்டுட்டு ஓடியிருக்கானுவ. மறுநாள் அதுக்கு மேல போட்டிருக்கான். எங்க ஊருல மழைய எவன் எதிர்பாப்பான்?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். ஹஸ்னா பானு சிரித்துக்கொண்டே நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

---

மத்தியானம் எல்லாரும் ரெண்டாம் தடவை சொதி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒருத்தர் சுப்புத்தாயிடம் செய்முறை கேட்டார். "புளிய எடுத்துச் செவத்துக்குக் குடுத்துரணும். அப்புறம் தன்னால வரும்" என்றாள் சுப்புத்தாய்.

விருந்தினர் புத்தகத்தில் ஹஸ்னா பானு ஒரு பக்கம் முழுக்க எழுதினார். பிரின்ஸ்பால் அம்மா அதை நின்றபடியே படித்தார். பிறகு சுகிர்தாவைக் கூப்பிட்டார்.

"அடுத்த வருஷமும் இங்கதான் வரணும்னு எழுதியிருக்காங்க. அதுவும் உன் பேரைப் போட்டு. திங்கக்கிழமை யுனிவர்சிட்டிக்கு எழுதிடறேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரே ஒரு நிபந்தனை. இந்தக் காம்பவுண்டுக்குள்ள இனிமே சுண்ணாம்பு வரக்கூடாது. வெத்தலைக்குக்கூட!"

சுகிர்தா அந்தச் சேதியைச் சொல்ல அப்பாவைத் தேடிப் போனாள்.

தங்கசாமி முன்வாசல் படியில் இருந்தார். அவளுக்கு முன்னாலேயே அங்கே வேறொருத்தன் வந்திருந்தான். கை கழுவின ஈரத்தோடு பாண்டிராஜ் ஒரு தூண் மறைவில் நின்று கீழ்க்குரலில் பேசிக்கொண்டிருந்தான்.

"மாமா, சவாரிதான் வந்தேன். சத்தியமா."

தங்கசாமி அவனையே பார்த்தார்.

"பாதி சத்தியம்" என்றான் பாண்டிராஜ். "காலேஜ் சவாரின்னதும் வேற வண்டிக்குப் போனதை நான் கேட்டு வாங்கினேன். வேண்டாம்னு சொன்னது யாருன்னு ஒரு தடவை பாத்துட்டுப் போயிரலாம்னு. காலையில அத்தனை பேரு முன்னால உங்க கையப் பிடிச்சிக்கிட்டு நின்னாங்கள்ல..." அவன் மேலே சொல்லாமல் செருப்பால் தரையைத் தேய்த்தான். "நான் யாருன்னு அவுககிட்டச் சொல்லிராதீங்க மாமா. சொதி நல்லாருந்துன்னு அத்தைகிட்ட மட்டும் சொல்லிருங்க."

சுகிர்தா வருவதைப் பார்த்ததும் அவன் வேன் பக்கம் நடந்துவிட்டான்.

அவள் மெஸ்ஸிலிருந்து ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்திருந்தாள். அப்பாவுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, "கையக் காட்டுங்க" என்றாள்.

"ஒண்ணும் இல்ல தாயி."

"காட்டுங்கங்கேன்ல."

காட்டினார். சுண்ணாம்பு தின்று, புளி பட்டு, விரல் இடுக்கெல்லாம் வெந்து சிவந்திருந்தது. அவள் ஒவ்வொரு விரலாய் எண்ணெய் தடவினாள். தடவிக்கொண்டே, திங்கட்கிழமை எழுதப்போகிறார்கள் என்பதைச் சொன்னாள். தங்கசாமி சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். வெயில் சரிந்து மர வரிகளின் மேல் விழத் தொடங்கியிருந்தது. படத்தில் பார்த்த மாதிரியே இருந்தது.

"நம்ம வீட்டுச் செவர் பூசாம கெடக்கட்டும்பா. உங்க கை ஆறுத வரைக்குமாவது."

அவர் சிரித்தார். கண் கலங்கியதைத் துடைக்கக் கை இல்லை. ரெண்டும் அவளிடம் இருந்தன.

"ஆமா, அந்த டிரைவர் அண்ணன் உங்ககிட்ட என்னத்தக் குசுகுசுன்னு சொல்லிட்டுப் போறாரு?"

தங்கசாமி நிமிர்ந்தார். வேன் பக்கம் பார்த்தார். பாண்டிராஜ் முதுகைக் காட்டிக்கொண்டு ஏற்கெனவே துடைத்த கண்ணாடியைத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். சொல்லாதீர்கள் என்றான் அவன். நேற்றைய தங்கசாமியாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டார். சாயங்காலமே பஸ் ஏறி ராயகிரிக்குப் போய்த் தானாக எதையாவது பேசி முடித்திருப்பார்.

"தாயி" என்றார். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"மொதல்ல அந்தப் பையன் மூஞ்சிய ஒரு தடவை நல்லாப் பாரு. பெறவு கேக்கேன்."

சுகிர்தாவின் விரல்கள் அவர் உள்ளங்கையில் அப்படியே நின்றன. அவள் மெதுவாக வேன் பக்கம் திரும்பினாள்.